தும்மலை யானையாக்கும் பெட்டி

என் தம்பி பிரகாஷ் அரிசி மண்டியில் வேலை பார்க்கிறான். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தவிட்டுத் தூசிக்கு நடுவில்தான் நிற்பான். ஒரு தும்மல் கிடையாது. பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் என்று போட்டு, நாலு பேர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், அவன் மூக்கு விழித்துக்கொள்ளும். ஒன்றே ஒன்றுதான் வரும். ஆனால் அந்த ஒன்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

ஒற்றைத் தும்மல் ஆகாது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படியே மூன்று சம்பந்தம் போனது. போளூரில் பெண் காபித் தட்டோடு வந்து நின்றபோது தும்மினான். செங்கத்தில் நிச்சயத் தட்டை மாற்றுகிற நேரத்தில் தும்மினான், தட்டிலிருந்த வெற்றிலை எதிராளி மடியில் போய் விழுந்தது. மூன்றாவது வீட்டில் நாங்கள் உள்ளேயே போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தும்மிவிட்டான். அந்த வீட்டுக்காரர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் எங்களைத் திருப்பி அனுப்பினார். அந்த ஆளை இன்றைக்குப் பார்த்தாலும் நான் சும்மா விடமாட்டேன்.

1998ஆம் வருஷம் தை மாதத்தில் பொன்னியின் ஜாதகம் வந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை. அப்பா இல்லை, தாய்மாமன் அப்பாதுரைதான் எல்லாம். அந்த மனிதர் சகுனம் பார்க்காமல் சட்டைப் பட்டன்கூடப் போடமாட்டார். பெண் பார்க்கப் போன அன்று நான் பிரகாஷின் இரண்டு மூக்கிலும் பஞ்சை அடைத்துக் கூட்டிப்போனேன். அவன் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மாப்பிள்ளைக்கு இன்னா, சளியா?" என்று அப்பாதுரை கேட்டார். "ஆமாங்க, பனி ஜாஸ்தி" என்று புளுகினேன். நிச்சயமும் அதே பஞ்சோடு முடிந்தது.

ஆனால் முகூர்த்தத்தன்று பஞ்சு நிற்காது. வீட்டில் நாலு சுள்ளியைக் கொளுத்தி ஓமப் புகை மாதிரி போட்டு ஒத்திகை பார்த்தோம். பஞ்சு இரண்டும் தெறித்துப் போய் எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டன. அன்றைக்குப் பிரகாஷ் கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அக்கா, இதுவும் போச்சுன்னா இனிமே எனக்கு யாரையும் பாக்காத. முப்பத்தி நாலு ஆயிடுச்சு. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றான். கோபத்தில் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னான்.

இந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரர் ராமதாஸ் உள்ளே நுழைந்தார். அவருக்குத் தேரடித் தெருவில் மைக் செட் கடை. நல்ல மனிதர்தான், அந்தப் பெட்டிகள் வருகிற வரைக்கும்.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவர் ஊரில் கிடார் வாசிக்கிறவராம். இனிமேல் ஆயுசுக்கும் மௌனம் என்று முடிவெடுத்து, ஒரு பை நிறையச் சின்னச் சின்னப் பெட்டிகளை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வடக்கே போய்விட்டார். அவருக்கு மௌனம் கிடைத்தது. அவர் விட்டுப்போன சத்தம் என் வீட்டுக்கு வந்தது.

அந்தப் பெட்டியின் ஒரு பக்கம் மைக் ஒயரைச் செருகினால், மறுபக்கம் வேறு ஏதோ சத்தம் வரும். நடுவில் ஒரு கட்டை இருக்கும். கிடார்க்காரர்கள் அதைக் காலால் மிதிப்பார்களாம். மிதித்திருக்கிற வரைக்கும் சத்தம் கோணிக்கொண்டு போகும், காலை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். என் வீட்டுக்காரர் அதைத் திறந்து பார்த்து, தானே ஒன்று செய்தார். என் புளிசாத டப்பாவை எடுத்து அதற்குள் பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய டிரான்சிஸ்டரை வைத்தார். அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் மாதிரி கரகரப்பு எதிலும் வராதாம். சூடு மட்டும் ஆகாதாம். சூடானால் படுத்துவிடுமாம். அதனால் டப்பாவைச் சுற்றி எந்நேரமும் ஈரத்துண்டு. பேட்டரியும் புதுசு ஆகாது, சாகப்போகிற பேட்டரியில்தான் சத்தம் நன்றாக முக்கும் என்று வீடு வீடாகப் போய் டார்ச்சு லைட்டுக்குள் இருந்த செத்த பேட்டரிக் கட்டைகளைக் கேட்டு வாங்கிவந்தார். மானம் போயிற்று.

கையில் கிடைத்ததையெல்லாம் அதற்குள் விட்டுப் பார்த்தார். மிக்சி, குக்கர் விசில், பால்காரர் மணி. ஒரு நாள் நான் அவரைத் திட்டியது எனக்குத் தெரியாமல் மைக்கில் போய், கூட்ஸ் வண்டி பாலத்தில் போகிற மாதிரி வெளியே வந்தது. "கஸ்தூரி, இன்னொரு தபா திட்டு. அந்தக் கடைசி வார்த்தை சூப்பரா இருந்திச்சு" என்றார்.

பிரகாஷ் சிரித்துக்கொண்டு அப்படிச் சொன்ன அன்றைக்கு, இவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தும்மல நிறுத்தணும்னு ஏன் பாக்கற? தும்மட்டும். ஐயர் மைக்கு எப்படியும் அவன் மூக்குக்கு நேரா இருக்கும். அத இதுக்குள்ள விட்டு வேற சத்தமாக்கிட்டா?"

"ஏங்க, கெட்டிமேளம் எதுக்கு அடிக்கிறாங்க? கெட்ட சத்தம் காதுல விழக்கூடாதுன்னுதானே?"

"உன் தம்பி தும்மலுக்கு முன்னாடி கெட்டிமேளம் எடுபடுமா? சொல்லு."

எடுபடாது. அதை நானும் ஒத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் வீட்டில் அதுதான் வேலை. தினம் விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், பிரகாஷை மைக் முன்னால் உட்கார வைத்து மூக்குப்பொடி போடுவோம். மூக்குப்பொடிக்கு மசியாத நாளில் மிளகாய் வறுப்பேன். அவன் தும்முவான், நான் டப்பாவை அமுக்குவேன், இவர் டப்பாவின் திருகைத் திருகுவார். முதலில் பஸ் பிரேக் போடுகிற சத்தம் வந்தது. அப்புறம் ஆட்டுக்குட்டி. ஒரு நாள் அசல் சங்கு. "கண்டுபுடிச்சிட்டேன்!" என்று இவர் குதித்தார்.

"சங்கா? சாவு வீடா இது? தாலி கட்டும்போது சங்கு ஊதறீங்களா? உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா?"

அவர் முகம் சுண்டிப்போய்த் திருகை மறுபடியும் பிடித்தார். நாற்பது தும்மலுக்கு அப்புறம், சித்திரை கடைசியில் ஒரு காலையில், பிரகாஷ் தும்மினான், யானை பிளிறியது. பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் தேங்காய் மூடியும் வெல்லமுமாக ஓடிவந்து, "கோயில் யானையா வந்திருக்குது? கூப்பிடக் கூடாதா?" என்று கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யானை நல்ல சகுனம். அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்? பிளிறல் கொஞ்சம் குட்டையாக இருக்கிறது என்று இவர் அந்த வெள்ளைக்காரர் விட்டுப்போன பெட்டிகளில் ஒன்றை அதோடு சேர்த்துக் கட்டினார். அது சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். அதற்குக் கிளி என்று பேர் வைத்தோம். இரண்டையும் ஒரே கட்டையில் இணைத்தார். அந்தக் கட்டையை அமுக்கியிருக்கிற வரைக்கும் கிளி ஓயாது.

அமுக்குவது யார் என்பதில் சண்டை வந்தது. "மேடை மேல நீ நின்னுக்கினு காலால ஒரு மிதி மிதிச்சாப் போதும்" என்றார். சத்தம் வருகிற பொருளைக் காலால் மிதிக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஸ்பீக்கர் ஒயரில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். அதுவும் மணமேடையில்! கையால்தான் அமுக்குவேன், முடியாதென்றால் போங்கள் என்று சொல்லிவிட்டேன். டப்பாவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்தேன்.

வைகாசியில் செங்கம் ரோட்டு மண்டபத்தில் கல்யாணம். காலை ஏழரை ஒன்பது முகூர்த்தம். ஏழு மணிக்கே கசகசவென்று இருந்தது. இவர் மண்டபத்தின் கடைசியில் ஆம்ப்ளிஃபயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் நாலு குழாய் ஸ்பீக்கர் ரோட்டைப் பார்த்துக் கட்டியிருந்தது. நான் மணையை ஒட்டி, ஈரத்துண்டு சுற்றிய டப்பாவை ஒரு தாம்பாளத்தில் வைத்துப் பூப்போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னா அது?" என்று அப்பாதுரை கேட்டார். "குலதெய்வத்துக்கு முடிஞ்சு வச்சது" என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

பொன்னி வந்து உட்கார்ந்தாள். பிரகாஷுக்கு வியர்த்துக் கொட்டியது. ஓமப் புகை சரியாக அவன் முகத்துக்கே போனது. புகைக்குக்கூட அவனைத்தான் தெரியும் போலிருக்கிறது. நான் துண்டைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துகொண்டு வந்தது. தண்ணீர் தெளிக்கலாம் என்று சொம்பைத் தேடும்போதுதான் ஐயர் கேட்டார்.

"நாத்தனார் எங்க? எழுந்து பொண்ணுக்குப் பின்னாடி வந்து நில்லுங்கோ. மொத முடிச்சு மாப்பிள்ளை, மீதி ரெண்டும் நீங்க."

ஒரு மாதம்! எத்தனை மூக்குப்பொடி, எத்தனை மிளகாய்! தும்மலைப் பற்றி யோசித்த நாங்கள் மூன்று பேரும், நாத்தனார் முடிச்சு போடுகிறவள் யார் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. பெற்ற தாய் இல்லாத வீட்டில் அக்காவும் நான்தான், நாத்தனாரும் நான்தான், டப்பாவை அமுக்குகிறவளும் நான்தான். இருப்பது இரண்டு கை. இரண்டும் தாலிக்கயிற்றில் இருக்க வேண்டும்.

கடைசியில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தபடி நின்றவர், மெதுவாகத் தன் காலைத் தூக்கித் தரையில் ஒரு மிதி மிதித்துக் காட்டினார்.

சாமி, மன்னிச்சுக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தாம்பாளத்தைக் காலால் தள்ளிப் பொன்னியின் வலது பக்கத்தில் சேர்த்தேன். புடவைக் கொசுவத்துக்கு அடியில் கால் கட்டைவிரலைப் பூவுக்குள் விட்டேன். குங்குமம் விரலில் பிசுபிசுத்தது. டப்பா அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சுட்டது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தவிலும் நாயனமும் கிளம்பின. அட்சதை பறந்தது. பிரகாஷ் தாலியைப் பொன்னியின் கழுத்துக்குக் கொண்டுபோனான். அவன் மூக்கின் இடது பக்கம் தூக்கியது. அது தூக்கினால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். விரலை அமுக்கினேன்.

யானை வரவில்லை.

சூட்டில் புளிசாத டப்பா படுத்துவிட்டது. டப்பா படுத்தாலும் மைக் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் குறுக்கே ஒரு ஒயர் போட்டு வைத்திருந்தாராம், கெட்டிக்காரர். பிரகாஷின் தும்மல் ஒரு கீறல்கூட இல்லாமல் அந்த ஒயர் வழியாக நேரே கிளிக்குப் போய்விட்டது. மண்டபத்துக்குள் ஒரு தும்மல், ரோட்டில் நாலு குழாயிலும் ஒரு தும்மல். தவில்காரர் அடித்த கையோடு நின்றார். நாயனம் பாதியில் விக்கியது. அந்த அமைதியில் கிளி மறுபடியும் தும்மியது. மறுபடியும். ஒரு இம்மி குறையாமல் மறுபடியும்.

"நிறுத்துங்க!" அப்பாதுரை எழுந்துவிட்டார். "தாலியக் கீழ வைங்க! போதும், நிறுத்துங்க!"

பிரகாஷ் என்னைப் பார்த்தான். தாலி பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அழக்கூட இல்லை பாவி, எனக்குத் தெரியும் அக்கா என்கிற மாதிரி ஒரு பார்வை. அந்த நிமிஷம் என் வீட்டுக்காரரையும் அவர் பெட்டிகளையும் அந்த மௌனச்சாமியையும் சேர்த்துக் கிணற்றில் தள்ளலாம் போலிருந்தது. விரலை எடுக்கப் போனேன்.

"நூறு" என்றாள் பொன்னி.

தலையைத் தூக்கவில்லை. ஐயர் மைக் பக்கத்தில் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. குழந்தை தும்மினால் தாய்க்காரி சொல்வாளே, நூறு வயசு இரு என்று, அந்த நூறு. கிளி தும்மியது.

"இருநூறு."

கிளி தும்மியது. பெண்கள் வரிசையில் யாரோ, பழக்க தோஷம், "முந்நூறு" என்றாள். தும்மல் காதில் விழுந்தால் வாய் தானாகச் சொல்கிற விஷயம் அது, யாராலும் அடக்க முடியாது. நானூறுக்குப் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். ஐந்நூறுக்கு முழு வரிசை. தவில்காரர் ஒவ்வொரு நூறுக்கும் ஒரு அடி போட ஆரம்பித்தார். ஆண்கள் பக்கம் தாமதமாகத்தான் முழித்துக்கொண்டார்கள், பெண்கள் எழுநூறு என்னும்போது அவர்கள் அறுநூறு என்றார்கள்.

"அண்ணி" என்று பொன்னி கிசுகிசுத்தாள். "கால எடுக்காதீங்க."

தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குத் தரையில் நடப்பது எல்லாம் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவுரு முடிச்சுப் போடட்டும். அதுவரிக்கும் அமுக்கிக்கினே இருங்க."

"போடுடா!" என்று பிரகாஷின் முழங்கையில் இடித்தேன். அப்பாதுரை மேடைக்கு ஏறிவிட்டார். நிறுத்துங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஆயிரத்து நூறு" என்று வந்தது. தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றார். கிளி தும்மியது, பொத்திய கைக்குள்ளேயே "ஆயிரத்து இருநூறு" என்றார். ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் எண்ணிக்கொண்டிருந்தாராம், அப்புறம் சொன்னார்கள்.

பிரகாஷின் கையிலிருந்து இரண்டு தடவை கயிறு நழுவியது. மூன்றாவது தடவை முடிச்சு விழுந்தது. நான் கயிற்றை வாங்கிக்கொண்டேன். ஒற்றைக்கால் விரல் டப்பாவில் வெந்துகொண்டிருக்க, இரண்டாவது முடிச்சைப் போட்டேன். கண்ணீரில் எதுவும் தெரியவில்லை, கை பழக்கத்தில் மூன்றாவதையும் போட்டு இறுக்கினேன். பின்கழுத்தில் குனிந்திருந்த என் காதுக்குப் பக்கத்தில் பொன்னியின் உதடு கடைசியாகச் சொன்னது ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

காலை எடுத்தேன். சத்தம் நின்றது.

"அக்கா, ஆயிடுச்சா?" என்றான் பிரகாஷ்.

"ஆயிடுச்சுடா. ஆயிடுச்சு" என்று அவன் தலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். மாலை பிய்ந்தது. பிய்ந்தால் பிய்யட்டும்.

எல்லாரும் அட்சதை போட்டு முடிக்கிற வரைக்கும் அப்பாதுரை சும்மா இருந்தார். அப்புறம் மணைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். முகத்தில் கலக்கம் போகவில்லை. கோபக்காரர் இல்லை அவர், பயந்தவர். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"கட்டினது கட்டியாச்சு. ஆனா எனக்கு மனசு ஆறலம்மா" என்றார் பொன்னியிடம். "ஆம்பளைங்க பக்கம் ஆயிரத்தி எண்ணூறுன்றாங்க. பொம்பளைங்க ஆயிரத்தித் தொள்ளாயிரம்ன்றாங்க. நூறுன்னு எண்ண ஆரம்பிச்சதுலேர்ந்து பதினெட்டுத் தும்மலா, பத்தொம்பதா? ஒத்தையில முடிஞ்சிச்சா, ரெட்டையில முடிஞ்சிச்சா? அத மட்டும் யாராவது சொல்லுங்க."

ஐயர் ஓமகுண்டத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தூரத்தில் ஒயரைச் சுற்றுகிற மாதிரி நடித்தார். பிரகாஷின் முகம் மறுபடியும் சுருங்கியது.

பொன்னி அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

"பதினெட்டு மாமா. ரெட்டை. நான் மொதல்லேர்ந்து எண்ணினேன். ஆம்பளைங்க சொன்னதுதான் கரெக்ட்டு."

அப்பாதுரை பெருமூச்சு விட்டார். "அதானே பார்த்தேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பொன்னி என் பக்கம் திரும்பினாள். கண்ணை இமைக்கவில்லை. "இல்லீங்களா, அண்ணி?"

"ஆமா, பதினெட்டுதான்" என்றேன். அதுவரைக்கும் பத்து வருஷமாக அவனுக்காக நான் ஒருத்திதான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.